ஓநாயைச் சுட்ட பேராசிரியர்

அரிசோனா காட்டிலாகாவில் 1909இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஆல்டோ லியோபோல்டுக்கு வயது 22. நம் வயதுதான்! கால்நடைகளையும் மான்களையும் காக்க ஓநாய்களை ஒழிப்பதே வழி என்பது அன்றைய அமெரிக்க எண்ணம். அவரும் அதையே நம்பினார். அங்கே தம் குழுவினரோடு சேர்ந்து ஒரு தாய் ஓநாயைச் சுட்டார். அதன் கண்ணில் பச்சை ஒளி அணைவதைப் பார்த்தும் உடனே மனம் மாறவில்லை. பல ஆண்டுகள் ஓநாய் ஒழிப்பை ஆதரித்தார்.

1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியரானார். அந்நாட்டில் இத்துறைக்கு அதுவே முதல் பேராசிரியர் பதவி. 1935இல் மண்வளம் கெட்ட பழைய பண்ணை ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார். அங்கிருந்த கோழிக்கொட்டகையே அவர்களின் குடிலாயிற்று.

இதற்கிடையே, ஓநாய் அருகிய காடுகளில் மான்கள் பெருகித் தளிர்களை மேய்ந்து தீர்த்துப் பசியால் மடிந்தன. அந்த அழிவில் தம் பங்கையும் எழுதுமாறு முன்னாள் மாணவர் ஆல்பர்ட் ஹோக்பாம் அவரை வற்புறுத்தினார். எந்த விரிவுரையாளரிடம் நாம் அப்படிக் கேட்டிருக்கிறோம்? அவர் சினக்கவில்லை. 1944இல் அந்த ஓநாயின் கதையை எழுதினார்.

1948 ஏப்ரல் 21இல், அண்டை நிலத்தில் பரவிய புல்தீயை அணைக்கச் சென்றவர் மாரடைப்பால் இறந்தார். அக்கட்டுரை அடங்கிய நூல் மறு ஆண்டு வெளிவந்தது.