தேவனே சகாயம்



கடை திறக்கும்போதே இன்று வியாபாரம் நடக்காது என்கிறோம். பிள்ளை பரீட்சைக்குப் புறப்படுமுன்பே இது எங்கே தேறப் போகிறது என்கிறோம். கறவை மாடு ஒன்று நோய்ப்பட்டால், அடுத்து என்ன வருமோ என்று கலங்குகிறோம். பூசை கண்டு கோவில் படி இறங்கும்போதே, நமக்குக் கெட்ட காலம் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லையா? அப்படிக் கலங்கிய ஒருவருடைய சரித்திரத்தைக் கேளுங்கள்.

நீலகண்டப் பிள்ளை 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி நட்டாலத்தில் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தார். மதிப்பு இருந்தது, வசதி இருந்தது. ஆனால் வீட்டில் நஷ்டத்தின் மேல் நஷ்டம். மாடுகள் மடிந்தன, விளைச்சல் பாழாயிற்று. அவர் முகம் வாடிப் போயிற்று.

அந்த வாட்டத்தைக் கண்டவர் டிலனாய். இவர் 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு மன்னரின் படையைப் பழக்கிய டச்சுத் தளபதி, கத்தோலிக்கர். அவர் நீலகண்டருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். மந்தையையும் மக்களையும் இழந்த யோபு சர்வேசுரனை இழக்கவில்லை. துன்பம் வந்ததனால் கடவுள் கைவிட்டார் என்று ஆகாது. இது நீலகண்டரின் நெஞ்சில் தைத்தது.

1745-ம் ஆண்டு மே 14-ந் தேதி வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்னும் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். கடவுளே துணை என்பது அதன் பொருள். அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார்.

அதன்பின் கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். 1749-ல் அவரைச் சிறைப்பிடித்தார்கள். அடித்தார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டு போனார்கள். வேதத்தை விட்டால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் விடவில்லை. முன்பு மாடு செத்ததற்குக் கலங்கியவர், இப்போது தம் உயிருக்கே கலங்கவில்லை. விலங்கு பூண்டிருந்தவரிடமே ஜனங்கள் ஆறுதல் தேடி வந்தார்கள். நம் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் தெற்கே போய் முடியும் பக்கத்தில், ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில், 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் அவருடைய கல்லறை இருக்கிறது. 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தார்.

பார்த்தீர்களா? நாம் நினைத்தபடியே எல்லாம் நடக்கும் என்பதல்ல விசுவாசம். எது நடந்தாலும் ஆண்டவர் நம்மோடு இருப்பார் என்பதே விசுவாசம். இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். கெட்ட காலம் என்று வாய் திறக்கும்போதெல்லாம் அதை அடக்கி, தேவசகாயம் என்ற பெயரை நினையுங்கள். பிள்ளைகள் காதில் அந்தச் சொல் விழட்டும்.

அர்ச். தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.