சிறைவாசலில் வளர்ந்த சிறுமி

இந்தியப் பிரதமராக இருந்து 1984ல் மறைந்த இந்திரா காந்தி அம்மையாரைப் பற்றி எழுதுவோர், அவருடைய பதவிக் காலத்தையும், 1971ம் ஆண்டு வங்காள யுத்தத்தையும், அவர் சுடப்பட்டு இறந்ததையும் பற்றியே அதிகம் எழுதுகிறார்கள். அவை வாசக நேயர்கள் நன்கு அறிந்தவை. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது வேறு. தகப்பனார் சிறையில் கிடக்க, வெளியே ஒரு பெண் குழந்தை எப்படி வளர்ந்தது, வளர்ந்தபின் அதே சிறைக் கதவை எப்படிக் கையாண்டது என்பதே நமது விஷயம்.

அலகாபாத் நகரில் ஆனந்த பவனம் என்னும் மாளிகையில் 1917 நவம்பர் 19ந் தேதி இந்திரா பிறந்தாள். பாட்டனார் மோதிலால் நேரு, வட இந்தியாவில் பேர்பெற்ற வக்கீல். தகப்பனார் ஜவஹர்லால், சீமையில் படித்துத் திரும்பிய பாரிஸ்டர். தாயார் கமலா. பின்னால் பிறந்த ஓர் ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்துவிட்டதால், ஒரே பிள்ளையாக வளர்ந்தாள். வேலைக்காரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் அந்த வீட்டில் குறைவில்லை. குறைவு வேறு வழியாக வந்தது.

1921 டிசம்பர் 6ந் தேதி போலீஸார் வந்து பாட்டனாரையும் தகப்பனாரையும் ஒரே நாளில் கைது செய்தார்கள். மறுநாள் கோர்ட்டில் மோதிலாலின் வழக்கு நடந்தபோது, நான்கு வயதுப் பேத்தி அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஒத்துழையாமை இயக்கத்தாரின் வழக்கப்படி அவர் எதிர்வாதம் செய்யவில்லை. ஆறு மாதச் சிறையும் 500 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். பணத்துக்கா அவர்களுக்குப் பஞ்சம்! ஆனால் அபராதம் கட்டுவதில்லை என்பது கட்சியின் கட்டுப்பாடு. ஆகவே போலீஸார் அடுத்தடுத்துப் பல நாள் வந்து கம்பளங்களையும் நாற்காலி மேஜைகளையும் ஜப்தி செய்து தூக்கிப் போனார்கள். ஜப்திச் சாமானுக்கு என்ன விலை போடுவார்கள் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும். 500 ரூபாய் அடைவதற்குள் வீடு எவ்வளவு காலியாகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்ட குழந்தை போலீஸாரிடம் சண்டைக்கு நின்றாள். தம் சுயசரிதையில் இதைக் குறிப்பிடும் ஜவஹர்லால், பிஞ்சு வயதில் மனத்தில் விழுந்த இந்த எண்ணம் பின்னாளில் போலீஸைப் பற்றிய அவள் நோக்கையே மாற்றிவிடுமோ என்று பாதி வேடிக்கையாகவும் பாதி கவலையாகவும் எழுதுகிறார். அதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம்.

அன்று தொடங்கி 1945 வரை ஜவஹர்லால் சிறை சென்றது ஒன்பது தடவை. எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைவு. ஒன்பது ஆண்டை ஒரே மூச்சில் கழித்தாலும் பிள்ளைக்கு ஒரு கணக்குப் பிடிபடும். இது அப்படியல்ல. வருவார், நான்கு மாதம் இருப்பார், மறுபடி வாசலில் போலீஸ் வண்டி நிற்கும். அடுத்த முறை எப்போது போவார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. பெரியவர்களும் கூட்டம், ஊர்வலம் என்று வெளியிலேயே இருந்ததால், அவ்வளவு பெரிய மாளிகையில் அவள் தனியாகவே இருந்தாள் என்று சொல்லலாம்.

பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்களோ அதைத்தானே விளையாடும்? கடைக்காரன் பிள்ளை தராசும் படியும் வைத்து விளையாடும். அவளோ பொம்மைகளை இரண்டு அணியாக நிறுத்துவாள். ஒன்று சத்தியாக்கிரகிகள், மற்றது போலீஸ். அந்நியத் துணியைக் கொளுத்தும் காலத்தில், தன்னிடமிருந்த அந்நிய நாட்டுப் பொம்மையையும் நெருப்பில் போட்டாள். பின்னாளில் இதைச் சொன்னபோதெல்லாம், அதற்குப் பிறகு காய்ச்சலில் படுத்ததையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். இதைத் தேசபக்திக்கு உதாரணமாகப் பாடப் புத்தகங்களில் போடுகிறார்கள். நமக்கென்னவோ அதைப் படிக்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

1930ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. ஏப்ரலில் தகப்பனாரும் ஜூனில் பாட்டனாரும் சிறை புகுந்தனர். சிறுவர்களைத் திரட்டி வானர சேனை என்று ஒன்றை அவள் அமைத்தாள். சேதி கொண்டுபோவது, கொடி தைப்பது போன்ற வேலைகளை அது செய்தது. 1931 ஜனவரி முதல் தேதி தாயாரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நோய் காரணமாக முன்பே விடுதலையாகியிருந்த பாட்டனார் பிப்ரவரி 6ந் தேதி காலமானார். அப்போது அவளுக்கு வயது 13.

நிற்க. தேசத்துக்காகச் சிறை சென்றவர் பிள்ளைக்கும், திருட்டு, அடிதடி, போதைப்பொருள் என்று சிறை சென்றவன் பிள்ளைக்கும் எப்படி ஒப்பிடலாம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்றில் வித்தியாசம் இருக்கிறது. ஜவஹர்லால் சிறைக்குப் போனால் ஊரே மாலை போட்டது. நம் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெருக்களில் ஒருவன் உள்ளே போனால் குடும்பமே தலையைக் குனிந்துகொள்கிறது. 1996 வரையில் கைதிகள் இருந்த புடுச் சிறையின் நீண்ட மதிலை ஒட்டி நாம் சிறு வயதில் பஸ்ஸில் போவதுண்டு. மதிலோரம் சாப்பாட்டு டப்பாவும் கைக்குழந்தையுமாக நின்ற பெண்களைப் பார்த்து, பஸ்ஸில் இருப்பவர்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நம் கடைக்கும் அப்படி ஒரு வீட்டுப் பையன் 555 புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அப்பா எங்கே என்று கேட்டால் சபாவில் வேலை என்பான். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ஜொகூரில் வேலை என்பான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஊரை மாற்றிவிட்டார்கள் போலும். பிறகு நாம் கேட்பதை விட்டுவிட்டோம். மாலை விழுந்த வீடானாலும், தலை குனிந்த வீடானாலும், பசியாற உட்காரும்போது காலியாகக் கிடக்கும் இடம் ஒன்றுதான். அந்த இடத்தை ஜவஹர்லால் எதைக் கொண்டு நிரப்பப் பார்த்தார் என்பதுதான் இந்தக் கதையில் நாம் மிகவும் மதிப்பது.

அவர் கடிதம் எழுதினார். 1930 அக்டோபரில், மகளுக்கு 13 வயது நிறையும் சமயத்தில், நைனிச் சிறையிலிருந்து முதல் கடிதம். பிறந்தநாளுக்குக் கொடுக்கச் சிறையில் என்ன இருக்கிறது? காகிதத்தில் கொடுக்கக்கூடியதைக் கொடுக்கிறேன் என்ற பொருள்பட எழுதினார். 1933 ஆகஸ்டு 9ந் தேதி கடைசிக் கடிதத்தை முடிக்கும்போது மொத்தம் 196 ஆகிவிட்டது. ஒரு தடவை விடுதலையும் நடுவில் வந்துபோயிற்று. பக்கத்தில் நூலகம் கிடையாது. முன்பு படித்தபோது எழுதி வைத்த குறிப்புகளும் நினைவும்தான். எழுதியவை எல்லாம் அன்றன்றே தபாலில் போகவும் இல்லை. கைதி வீட்டுக்கு இத்தனை நாளைக்கு ஒரு கடிதம்தான் போடலாம் என்று சட்டம் இருந்ததால் சிறையிலேயே மலையாகச் சேர்ந்தன. பின்னர் 1934லிருந்து உலக சரித்திரம் என்ற பெயரில் புத்தகமாக வந்தன.

அதில் கிரேக்கரும் சீனரும் ரோமரும் வருகிறார்கள். இஸ்லாத்தின் தோற்றம், பாக்தாதில் ஹாரூன் ரஷீதின் ஆட்சி, ஸ்பெயினில் கொர்தோவா, கிரனாடா நகரங்களின் உயர்வும் வீழ்ச்சியும் வருகின்றன. ஸ்ரீவிஜயமும் நமது மலாக்காவும்கூட வருகின்றன. டேராடூன் சிறையில் ஒரு கைதி, மலாக்காவை மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் ஆச்சரியமாயில்லையா? ஆறாம் வகுப்போடு நின்ற நம் போன்றோருக்கு அந்தப் புத்தகம் பள்ளிக்கூடத்துக்குச் சமம். ஆனால் அது எழுதப்பட்டது நமக்காக அல்ல; தகப்பன் முகம் பார்க்க முடியாத ஒரு பெண்ணுக்காக.

முகம் பார்ப்பதிலும் ஒரு தொல்லை நேர்ந்தது. 1932ல் இன்னொரு சிறையில் உறவினரைக் காணச் சென்ற அவர் வீட்டுப் பெண்களை அங்கிருந்த ஜெயிலர் அவமதித்து வெளியேற்றினார். அரசாங்கம் பெண்கள் மேலேயே குறை கூறிற்று. அதனால் மனம் கொதித்த ஜவஹர்லால், இனி எவரையும் சந்திப்பதில்லை என்று தாமே நிறுத்திவிட்டார். மாதக்கணக்கில் சந்திப்பே இல்லை. மானத்துக்காகச் செய்தார், நாம் குற்றம் சொல்லவில்லை. ஆயினும் அதன் விலையில் பாதியை மகள் கொடுத்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவ்வேளையில் அவள் புனாவில் ஒரு பார்ஸி தம்பதியர் நடத்திய பள்ளியில் தங்கிப் படித்துவந்தாள். அதே ஊரில் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். அங்கே போய் அவரைப் பார்த்தாள். காந்தியடிகள் டேராடூனுக்கு அனுப்பிய தந்தியில், இந்து சந்தோஷமாக இருக்கிறாள், சற்று உடம்பும் தேறியிருக்கிறாள் என்ற செய்தியைச் சேர்த்திருந்தார். ஒரு சிறையிலிருக்கும் தகப்பனுக்கு மகளின் சுகச்செய்தி இன்னொரு சிறையிலிருந்து போய்ச் சேர்ந்தது!

தாயார் கமலாவுக்குக் காசநோய் முற்றியது. 1934 ஆகஸ்டில் ஜவஹர்லாலைப் பதினொரு நாள் வெளியே விட்டு மீண்டும் உள்ளே வைத்தார்கள். அரசியலில் ஈடுபடுவதில்லை என்று ஒரு வார்த்தை கொடுத்தால் விடுதலை என்று சாடையாகத் தெரிவிக்கப்பட்டது. கமலாவே வேண்டாம் என்று கணவர் காதில் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் வைத்தியத்துக்காக ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது, தாயுடன் துணைக்குச் சென்றது 17 வயது இந்திரா. செப்டம்பரில் ஜவஹர்லால் விடுதலையாகிப் போய்ச் சேர்ந்தார். 1936 பிப்ரவரி 28ந் தேதி சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் கமலா கண்ணை மூடினார்.

1937ல் தகப்பனும் மகளும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஒன்றாக வந்தார்கள். நம்மவர்கள் திரளாகக் கூடி வரவேற்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 19 வயதுப் பெண், தகப்பனாரோடு அத்தனை நாள் சேர்ந்தாற்போல் பிரயாணம் செய்வது அவளுக்கு அபூர்வம். இதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1941ல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பால்மரம் வெட்டிய பலர் சிறை சென்றனர். அவர்களும் பிள்ளைகளை விட்டுத்தான் போனார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு எழுதத் தெரிந்திருக்கும்? அந்தப் பிள்ளைகளுக்கு வந்த கடிதம் எதையும் நாம் பார்த்ததில்லை.

1942 மார்ச்சில் இந்திராவுக்கும் பெரோஸ் காந்திக்கும் திருமணம். மணப்பெண் உடுத்திய சேலை, தகப்பனார் சிறையில் நூற்ற நூலில் நெய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜவஹர்லாலை அகமதுநகர் கோட்டையில் அடைத்தார்கள். செப்டம்பரில் மகளும் கைதாகி, தகப்பனார் முன்பு இருந்த அதே நைனிச் சிறையில் எட்டு மாதம் கழித்தார். அகமதுநகரில் உடனிருந்த மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் மனைவியார் 1943ல் கல்கத்தாவில் மௌத்தானார். கணவர் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. 1944ல் பேரன் ராஜீவ் பிறந்தபோதும் ஜவஹர்லால் கோட்டைக்குள்தான் இருந்தார்.

இதுவரை சொன்னது பெருமைக்குரிய கதை. இதோடு நிறுத்துவதே பலருடைய வழக்கம். நமக்கு அது சரியாகப் படவில்லை.

நேரு பிரதமரானார். 1953 ஆகஸ்டில் அவருடைய ஆட்சியிலேயே, அவருடைய நண்பரான ஷேக் அப்துல்லாவைக் காஷ்மீரில் கைது செய்தார்கள். அவர் மகன் பரூக்குக்கு அப்போது 15 வயது. இடையில் சில மாதம் தவிர 1964 வரை ஷேக் உள்ளேயே இருந்தார். நேரு மறைந்தபின், 1965ல், ஹஜ்ஜிலிருந்து திரும்பியவரை மறுபடி பிடித்து, நம் தமிழ்நாட்டுக் கோடைக்கானலில் காவலில் வைத்தார்கள். சிறையிலிருந்து 196 கடிதம் எழுதிய கை, மற்றொரு வீட்டுப் பிள்ளைகளின் தகப்பனை உள்ளே வைக்கவும் சம்மதித்தது.

மகளோ அதைவிடத் தூரம் போனார். 1975 ஜூன் 25ந் தேதி இரவு நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார். நள்ளிரவில் கதவு தட்டும் வேலை போலீஸாருக்கு மறுபடி வந்தது. 21 மாதங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர் என்று பின்னர் விசாரித்த ஷா கமிஷன் கணக்கிட்டது. ஏன் பிடித்தீர்கள் என்று கோர்ட்டில் கேட்கும் உரிமைகூட அவர்களில் பலருக்கு இல்லை. மோதிலாலுக்காவது விசாரணை என்று ஒன்று நடந்தது, பேத்தி மடியில் உட்கார இடமிருந்தது. சென்னையில் 1976ல் பிடிபட்டவர்கள் சிறைக்குள் அடிக்கப்பட்டனர். முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரையே இழந்தார். போலீஸைப் பற்றிய மகளின் நோக்கு மாறிவிடுமோ என்று தகப்பனார் கவலைப்பட்டாரே, அது மாறித்தான் போயிற்று. அவர் நினைத்த பக்கமாக அல்ல.

சிறை என்றால் என்னவென்று அறியாதவர் இதைச் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். காலியான கம்பளத் தரையையும், நின்றுபோன சந்திப்புகளையும் கண்டு வளர்ந்தவர் இவர். கஷ்டம் பட்டவர்களுக்கு இரக்கம் தானாக வந்துவிடும் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். இந்த அம்மையாரின் கதையைப் படித்த பிறகு நாம் அப்படிச் சொல்வதில்லை.

1977 தேர்தலில் தோற்றார். 1978 டிசம்பரில் பாராளுமன்ற உரிமையை மீறினார் என்று தீர்மானித்து, அவரை டில்லியில் திகார் சிறைக்கு அனுப்பினார்கள். 61 வயது. ஒரு வாரம் இருந்தார். அப்போது அவர் வீட்டில் எட்டு வயதில் ஒரு பேரனும் ஆறு வயதில் ஒரு பேத்தியும் இருந்தனர்.