சனிக்கிழமை புத்தகம்

குட்டீஸ், நூலகத்தில் உங்களுக்குப் புத்தகம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிடுவீர்களா? ஒரு பையன் என்ன செய்தான் என்று கேளுங்கள்.

ஆண்ட்ரூ கார்னெகி, 1835ம் ஆண்டு, ஸ்காட்லாந்தில் உள்ள டன்பெர்ம்லின் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கைத்தறி நெசவாளர். நீராவித் தறிகள் வந்ததும் அவருக்குப் பிழைப்பு போயிற்று. 1848ல் கடன் வாங்கிக் கப்பலேறி, அமெரிக்காவில் உள்ள அலிகெனி நகருக்குக் குடும்பமே வந்து சேர்ந்தது. ஆண்ட்ரூவின் பள்ளிப் படிப்பு அதோடு சரி! பஞ்சாலையில் வேலை, வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். பிறகு, வீடு வீடாகத் தந்தி கொண்டு கொடுக்கும் வேலை கிடைத்தது.

அந்த ஊரில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒருவர் இருந்தார். தன் வீட்டில் இருந்த சுமார் 400 புத்தகங்களை, வேலைக்குப் போகும் சிறுவர்களுக்காக அவர் திறந்துவிட்டார். அவர்கள் எல்லாம் அவருக்கு முன்பின் தெரியாத பையன்கள். சனிக்கிழமை ஒரு புத்தகம் எடுத்துப் போகலாம். அடுத்த சனிக்கிழமை அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம். காசே கிடையாது. ஆண்ட்ரூவுக்கு வாரம் முழுவதும் சனிக்கிழமை நினைப்புதான்.

பின்னர் அந்த நூலகம் பெரிதானது. கூடவே ஒரு விதியும் வந்தது. தொழிற்சாலையில் தொழில் பழகும் பையன்களுக்கு மட்டும்தான் இலவசம். மற்றவர்கள் ஆண்டுக்கு 2 டாலர் கட்ட வேண்டும். தந்தி அலுவலகப் பையன் 'மற்றவர்' ஆகிவிட்டான்!

ஆண்ட்ரூ சும்மா இருக்கவில்லை. 1853ல், பிட்ஸ்பர்க் நகரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். ஆண்டர்சன் புத்தகம் கொடுத்தது உழைக்கும் பையன்கள் எல்லாருக்கும்தானே என்பது அவன் வாதம். நூலகத்தார் பதில் எழுதினர். அவன் விடவில்லை, மறுபடியும் எழுதினான். கடைசியில் விதி மாறியது, கதவு திறந்தது. அப்போது அவனுக்கு வயது 17.

அதன் பிறகு ரயில்வே, இரும்பு, எஃகு என்று ஏறிக்கொண்டே போனார் கார்னெகி. 1901ல் தன் எஃகு நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார். அவர் பணத்தில் உலகம் முழுக்க எழுந்த நூலகங்கள் 2,509! முதல் நூலகம், பிறந்த ஊரான டன்பெர்ம்லினில் 1883ல் திறக்கப்பட்டது. ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கட்டடத்துக்கு மட்டுமே பணம் தருவார். இடத்தை ஊர்தான் தர வேண்டும். கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்துக்காக ஒதுக்கவும் வேண்டும். கெட்டிக்காரர்தான்!

ஆனால், ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1892ல் ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த அவரது ஆலையில் கூலியைக் குறைத்தார்கள். போராட்டம் வெடித்தது; பலர் உயிரிழந்தனர். நாள் முழுக்க உழைத்துக் களைத்தவனுக்குப் புத்தகம் படிக்க நேரம் ஏது என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதானே?

கார்னெகி 1919ல் காலமானார். அதற்கு முன்பே, 1904ல், அலிகெனியில் தான் கட்டிய நூலகத்தின் அருகே ஆண்டர்சனுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருந்தார். அதில் ஒரு தொழிலாளியின் சிலை இருக்கிறது. வேலைக்கு நடுவே, பட்டறைக் கல் மேல் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறான் அவன்.