ஹிட்லரின் ஆர்க்கிடெக்ட் தூக்கிலிருந்து தப்பியது எப்படி?

தாம்பரம் டு பீச், மின்சார ரயிலில் சுமார் 30 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஆயிரம் முறை நடக்க முடியுமா உங்களால்? சிறைத் தோட்டத்துக்குள்ளேயே சுத்திச் சுத்தி அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் ஒருத்தர். பெயர், ஆல்பர்ட் ஸ்பீர். ஹிட்லரின் செல்ல ஆர்க்கிடெக்ட்!

1905-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பிறந்தவர். 1931-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பிரமாண்டக் கட்டடங்கள் மீது ஹிட்லருக்கு வெறி. அதனால், 30 வயசைத் தொடும் முன்பே ஸ்பீர் அவருக்கு நெருக்கமாகிவிட்டார். பெர்லினையே மாற்றிக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதற்காக யூதக் குடும்பங்களை வீடுகளைவிட்டுத் துரத்தியதில் அவருடைய அலுவலகத்துக்கு நேரடிப் பங்கு உண்டு.

1942 பிப்ரவரியில் ஆயுதத்துறை அமைச்சர் ஃபிரிட்ஸ் டோட் விமான விபத்தில் இறந்தார். அந்த நாற்காலி ஸ்பீருக்குக் கிடைத்தது. குண்டுமழைக்கு நடுவிலும் ஆயுத உற்பத்தி எகிறியது. வேலை செய்தது யார் தெரியுமா? பிடித்துவரப்பட்ட லட்சக்கணக்கான வெளிநாட்டவர்களும் வதைமுகாம் கைதிகளும்தான். டோரா முகாமில், ராக்கெட் தயாரித்த சுரங்கத்துக்குள்ளேயே கைதிகளைத் தூங்க வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1943 டிசம்பரில் ஸ்பீர் அங்கே நேரில் போய்ப் பார்த்தவர்.

போர் முடிந்ததும் நியூரம்பெர்க் விசாரணை. மற்ற தலைவர்கள் பலரும் எல்லாவற்றையும் மறுக்க, ஸ்பீர் பொதுவான பொறுப்பை ஏற்பதாகப் பணிவாகச் சொன்னார். ஆனா, யூதப் படுகொலை தனக்குத் தெரியவே தெரியாதுன்னுட்டார். 1946 அக்டோபர் 1-ல் தீர்ப்பு. ஸ்பீருக்கு 20 வருஷ சிறை. அவர் கேட்ட தொழிலாளர்களைப் பிடித்துக்கொடுத்த ஃபிரிட்ஸ் சாக்கெலுக்குத் தூக்கு!

1966-ல் ஸ்பாண்டாவ் சிறையிலிருந்து வெளியே வந்தார். எழுதிய புத்தகங்கள் சக்கைப்போடு போட்டன. நல்ல நாஜி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1981-ல் லண்டனில் இறந்தார்.

கதை அதோடு முடியலை. 1971-ல் அவர் எழுதிய ஒரு கடிதம் 2007-ல் வெளியே வந்தது. யூதர்களை அழிப்பது பற்றி 1943 அக்டோபரில் போஸன் நகரில் ஹிம்லர் வெளிப்படையாகப் பேசிய கூட்டத்தில் தானும் இருந்ததாக அதில் ஒப்புக்கொண்டிருந்தார். வெளியுலகத்திடம் கடைசிவரை மறுத்த விஷயம் அது.

அடுத்த முறை யாராவது ரொம்ப அழகா ஸாரி சொன்னா, எதுக்குச் சொல்றாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. எதைச் சொல்லாம விடுறாங்கன்னும் கவனிங்க!