கருவிழிக்குள் எட்டிப் பார்த்தவர்

இருட்டில் பூனையின் கண் பளிச்சென்று மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். மனிதனின் கண்மணி மட்டும் ஏன் கறுப்பாகவே தெரிகிறது? இந்தக் கேள்விக்கு விடை கண்டு, கண் வைத்தியத்தையே மாற்றியவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

வாத்தியார் மகன்

1821-ம் ஆண்டு ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரில் அவர் பிறந்தார். தந்தை பள்ளிக்கூட ஆசிரியர். மகனுக்குப் பௌதிகம் படிக்க ஆசை. தந்தையிடமோ பணம் இல்லை. வைத்தியம் படித்தால் செலவை அரசாங்கம் ஏற்கும். பிறகு பட்டாளத்தில் டாக்டராக உழைக்க வேண்டும். வேறு வழியின்றி அதில் சேர்ந்தார். ஆனால் பௌதிகத்தை மறக்கவில்லை. 1849-ல் கோனிக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ஆனார்.

எட்டு நாள் போராட்டம்

அந்நாளில் பார்வை மங்கியவரின் கண் வெளியே நன்றாக இருந்தால், டாக்டர் கையை விரிக்க வேண்டியதுதான். உள்ளே பார்க்க வழியில்லை.

1850-ல் மாணவர்களுக்குப் பாடம் தயாரிக்கும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கண்ணுக்குள் போகும் வெளிச்சம் வந்த வழியே திரும்புகிறது. அந்த வழியில் நின்று பார்த்தால் நம் தலையே விளக்கை மறைத்துவிடும். கண்மணி கறுப்பாகத் தெரிவது இதனால்தான்!

விளக்கைப் பக்கத்தில் வைத்தார். ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்தார். அது வெளிச்சத்தை நோயாளியின் கண்ணுக்குள் திருப்பியது. திரும்பி வந்த வெளிச்சம் அதே கண்ணாடியை ஊடுருவி அவர் கண்ணை அடைந்தது. மூக்குக் கண்ணாடி வில்லைகளையும் சேர்த்து எட்டு நாள் போராடினார். உயிருள்ள மனிதனின் விழித்திரை தெரிந்தது! பள்ளிக்கூடத்தில் படித்த ஒளிப் பாடமே இதற்குப் போதுமானதாக இருந்தது என்று தந்தைக்குக் கடிதம் எழுதினார். 1851-ல் கருவியை உலகுக்கு அறிவித்தார்.

கரும்புள்ளிகள் சொன்ன சேதி

விழித்திரைக்குப் பின்னே மெல்லிய படலம் ஒன்று உண்டு. தலைமயிருக்குக் கருமை தரும் நிறப்பொருள் அதிலும் இருக்கிறது. கண்ணுக்குள் சிதறும் வெளிச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். விழித்திரை கெட்டால் இந்தக் கருமை இடம் மாறித் திட்டுத்திட்டாகப் படியும்.

முதலில் இரவில் கண் தெரியாமல் போய், பிறகு குழாய் வழியே பார்ப்பதுபோல் பார்வை குறுகும் நோயாளிகள் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் இந்தத் திட்டுகளை டாக்டர்கள் புதுக் கருவியால் கண்டார்கள். ஹாலந்து டாக்டர் டோண்டர்ஸ் அந்நோய்க்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயரிட்டார்.

அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. நெருங்கிய உறவில் மணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். முதுமை, அடிபடுதல், கண்ணுக்குள் அழற்சி, குளோரோகுயின் போன்ற மருந்தைப் பல ஆண்டுகள் சாப்பிடுவது ஆகியவற்றாலும் கருமை மாறலாம். சில புள்ளிகள் வெறும் மச்சம்தான், கெடுதல் இல்லை. எது எதுவென்று டாக்டர் உள்ளே பார்த்தால்தான் தெரியும். எனவே இரவில் பார்வை தடுமாறினால் தாமதிக்கக் கூடாது.

1894-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலமானார். பரம்பரை விழித்திரை நோய்களில் ஒரு வகைக்கு 2017-ல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சை அனுமதி பெற்றது. பணமில்லாமல் படித்த வைத்தியமும், ஆசைப்பட்ட பௌதிகமும் ஒருவரிடம் சேர்ந்ததால் அதற்கு வழி திறந்தது.