காணா ஒளிக்கு ஒரு கண்

வடமராட்சியின் மணற்காட்டில் நண்பகலில் நடப்போர் வெம்மையை உள்ளங்காலால் அறிவர்; கண்ணால் காணார். ஞாயிற்றின் கதிர்களுள் சிவப்புக்கு அப்பால் நிற்கும் செந்நிறக்கீழ்க் கதிர்கள் மனிதக் கண்ணுக்குப் புலனாவதில்லை. அவற்றையும் உணரவல்ல கண்ணொன்றைக் கனிமத்தினால் ஆக்கியவர் ஜகதீச சந்திர போஸ். செடிகொடிகளின் உயிர்த்துடிப்பை அளந்தவர் என்றே அவரை நம்மிற் பலர் அறிவர். ஆதலின், அவர் படைத்த கண்ணைப் பற்றிக் கூற விழைகின்றேன்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்கத்திலே பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகத்தராயிருந்தும், மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே மீனவர் மகனோடும் ஏவலாளர் மகனோடும் ஒருங்கிருந்து கற்றார் சிறுவர். கல்கத்தாவிலும் இங்கிலாந்திலும் பயின்று, 1885இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். இந்தியர் என்பதால் ஐரோப்பியரினும் குறைந்த சம்பளமே அவருக்கு விதிக்கப்பட்டது. அதனைத் தொடாமலே மூன்றாண்டு பணியாற்றினார். ஈற்றில் முழுச் சம்பளமும் நிலுவையோடு வந்து சேர்ந்தது.

ஆய்வுகூட வசதி சிறிதுமில்லாத அக்கல்லூரியில், உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் துணைகொண்டு கருவிகளைச் செய்வித்தார். கண்ணுக்குப் புலனாகா மின்னலைகள் சுவரை ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்வதை 1895இல் கல்கத்தாவில் நிகழ்த்திக் காட்டினார். பின்னர் கலீனா என்னும் ஈயக் கனிமத்தின்மீது உலோக முனையொன்றைத் தொடவைத்து, அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்தினார். கதிர் படுங்கால் மின்னோட்டம் மாறும். மானியின் ஊசி அசையும். காணும் ஒளியோடு காணா ஒளியையும் உணர்ந்த அக்கருவியைச் செயற்கை விழித்திரையாகவே அவர் கருதினார்.

அறிவை விலைகூறல் தகாதென்பது அவர் கொள்கை. நண்பர் வற்புறுத்தலாலேயே 1901இல் அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904இல் அது கிடைத்தது. ஆயின் அதனாற் பொருளீட்ட அவர் முயலவில்லை. அவர் உள்ளம் தாவரங்களின்பாற் சென்றுவிட்டது. 1917இல் கல்கத்தாவில் தம் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய அவர், 1937 நவம்பர் 23இல் மறைந்தார்.

கலீனாவின் பொருளாகிய ஈய சல்பைடு, இரண்டாம் உலகப் போரின்போது செந்நிறக்கீழ்க் கதிர்களை உணரும் படைக்கருவிகளில் இடம்பெற்றது. அதன் நுண்துகள்களைக் கொண்டு இன்றும் கமரா உணரிகள் ஆக்கப்படுகின்றன. எனினும் குறையொன்று நெடுங்காலம் நின்றது. வில்லை தரும் பிம்பம் இயல்பாகவே வளைந்த பரப்பிலே தெளிவுறும். கமராவின் தட்டையான உணரியில் அதன் விளிம்புகள் மங்கும். அதனைத் திருத்தப் பல வில்லைகளை அடுக்குவதால் கமரா பருக்கின்றது. விலங்கின் விழித்திரையோ கிண்ணம்போற் குழிந்தது. ஆதலின் சிறு கண்ணிலும் காட்சி தெளிவாகின்றது. 2008இல் அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்சும் குழுவினரும் உணரிகளை அரைக்கோளப் பரப்பில் அமைத்துக் காட்டினர். சிறிய செந்நிறக்கீழ்க் கமராக்களை ஆக்க முயல்வோரும் இவ்வழியை நாடுகின்றனர்.

காப்புரிமையை அவர் பயன்படுத்தாதது நட்டமென்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. கல்கத்தாவில் திறந்த அக்கண்ணைப் பேணி வளர்க்கும் ஆராய்ச்சி அங்கே தொடராமற் போனதே பெரிய நட்டம் என்பேன். பௌதிகம் பயிலும் நம் இளைஞர், போசின் தாவர நூல்களோடு இக்கருவியின் வரலாற்றையும் கற்பாராக.