காளான் இனங்கண்ட கார்னர்

மழைக்குப் பின் பட்ட மரக்கட்டையில் முளைக்கும் காளான்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும் அவற்றை இனம் பிரித்தறிவதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர், எட்ரட் ஜான் ஹென்றி கார்னர் என்னும் தாவரவியல் அறிஞர்.

அவர் 1906ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1929இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் உதவி இயக்குநரானார். மலாயாக் காடுகளில் நடந்து திரிந்து காளான்களைச் சேகரித்தார்.

அந்நாளில் நம் பாட்டன் பாட்டியர் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் வேர்நோய்கள் பெருந்தொல்லை தந்தன. அவற்றுள் ஒன்று பழுப்பு வேர்நோய். நோயுற்ற வேரில் மண்ணும் சிறுகற்களும் ஒட்டிப் பொருக்காகப் படியும். ஒரு மரத்தின் வேர் அடுத்த மரத்தின் வேரைத் தொடும் இடத்தில் நோய் தாவும். மரம் வாடிச் சாகும். மரம் செத்தால் பால் ஏது? பால் இல்லையேல் கூலி ஏது? ஆயினும், நோயை விளைவிக்கும் காளான் எது என்பதில் அறிஞரிடையே குழப்பம் நிலவியது. வேறு காளான்களின் பெயர்களே அதற்கு வழங்கி வந்தன.

கார்னர் புறத்தோற்றத்தை மட்டும் நம்பினார் அல்லர். காளானைக் கீறி, அதன் உடலைப் பின்னியிருக்கும் மெல்லிய இழைகளை நுண்ணோக்காடியில் ஆராய்ந்தார். கூடை முடைவோர் நிமிர்ந்து நிற்க ஒருவகைக் குச்சியும், இறுக்கிக் கட்ட வேறுவகை நாரும் கொள்வதுபோல, காளானிலும் வளரும் இழை, தாங்கும் இழை, பிணைக்கும் இழை எனப் பலவகை உண்டென விளக்கினார். எந்தக் காளானில் எவ்வெவ் இழைகள் உள்ளன என்பது இனங்காண உதவும் அடையாளமாயிற்று. 1932இல் பழுப்பு வேர்நோய்க் காளானைத் தனி இனமாக அறிவித்து, தீங்கு செய்வது என்னும் பொருள்பட இலத்தீனில் பெயரிட்டார்.

மரங்களை இனங்காணப் பூவும் காயும் வேண்டுமன்றோ? உயர்ந்த மரங்களிலிருந்து அவற்றைப் பறிக்க, கிளந்தானில் தேங்காய் பறிக்கும் பெரோக் குரங்குகளைப் பயன்படுத்தினார். மலாய்மொழிக் கட்டளை கேட்டு அவை கிளைகளை ஒடித்துப் போட்டன. மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றிய அவருடைய நூல் 1940இல் வெளிவந்தது.

1942இல் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. கார்னர் அங்கேயே தங்கி, பூங்காவிலும் அருங்காட்சியகத்திலும் இருந்த நூல்களையும் சேகரிப்புகளையும் காக்கும் பணியில் ஈடுபட்டார். பகைவருக்குத் துணைபோனவர் என்னும் பழிச்சொல்லும் அவரைச் சூழ்ந்தது. அவரோ ஆய்வைக் கைவிடவில்லை. 1950இல் பவழக் காளான்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1961, 1964ஆம் ஆண்டுகளில் சபாவின் கினபாலு மலைக்கு ஆய்வுக் குழுக்களை நடத்திச் சென்றார். 1964இல் அம்மலை பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. 1996இல், தொண்ணூறாம் அகவையில் மறைந்தார்.

செல்வங்களே! நோயைத் தீர்க்க விரும்புவோர் முதலில் அதன் காரணத்தைச் சரியாக அறிதல் வேண்டும். அதற்குக் கூர்ந்த பார்வையும் சலியாத பொறுமையும் தேவை. வகுப்பறையில் ஒரு இலையை வரையும்போதும் அவ்விரண்டையும் பழகுவீர்களாக!